பூஜைப் பெட்டியில் இருந்த பந்து

பிளாஸ்டிக் பந்து வந்த அன்று செங்கல்பட்டில் எங்கள் டேபிள் டென்னிஸ் கிளப்பில் எல்லோரும் அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்கள். அதுவரை நாங்கள் ஆடியது செல்லுலாய்டு பந்து. மேசையில் தட்டினால் 'டொக்' என்று நிறைவாகக் கேட்கும். கீறல் விழுந்தால்தான் சத்தம் மாறும். இந்தப் புதுப் பந்தோ பெட்டியிலிருந்து எடுத்ததுமே 'டக், டக்' என்று வறட்டுச் சத்தம் போட்டது. "இது ஒடைஞ்சி கீதுப்பா, வேற எடு" என்று ஒருத்தர் ஓரமாகப் போட, அடுத்ததும் அப்படியே. முழுப் பெட்டியையும் உடைசல் என்று ஒதுக்கிவிட்டுக் கடைக்காரரைக் கண்டபடி திட்டினோம். நல்ல பந்தின் சத்தமே அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

மற்றவர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. நான் அடித்து ஆடுகிறவள் இல்லை. மேசையிலிருந்து நாலு எட்டு தள்ளி நின்று, வருகிற பந்தையெல்லாம் அடியிலிருந்து சீவி அனுப்புகிறவள். கிளப்பில் அதைக் 'கட்' என்போம். நான் கட் போட்ட பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி போகும். எதிராளி ஆசையாக ஓங்கி அடிப்பார், அது நேராக வலையில் போய் விழும். என் முழு ஆட்டமும் அந்தச் சுழற்சிதான். பிளாஸ்டிக் பந்து சற்றே பெரியது, சுழற்சியைப் பிடித்து வைக்காது. நான் உயிரைக் கொடுத்துச் சீவினாலும் அது மேசையில் அசட்டுத்தனமாக எழும்பி நிற்கும். எதிராளி சாவகாசமாக அடித்துவிட்டுப் போவார். பத்து வருஷம் கையில் ஏற்றிய வித்தையை ஒரு பந்துப் பெட்டி வந்து பிடுங்கிக்கொண்டால் கோபம் வராதா? எந்த ஊரிலோ உட்கார்ந்து இதை முடிவு செய்தவர்களை நான் திட்டாத வார்த்தை இல்லை.

பொழுதுபோக்குக்கு ஆடுகிறவளாக இருந்தால் திட்டியதோடு விட்டிருப்பேன். அப்போது நான் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகமாகக் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எப்போது வேண்டுமானாலும் 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லக்கூடிய நாற்காலி அது. மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மாவட்ட அணியில் இடம் வேண்டும். அந்த ஒதுக்கீட்டுக்கு வயது வரம்பு உண்டு, அடுத்த வருஷம் நான் அதைத் தாண்டிவிடுவேன். ஆக, எனக்கு இருந்தது அந்த ஒரு வருஷம்தான்.

பெண்கள் அணியில் மூன்று இடங்கள் நிரம்பிவிட்டன. கடைசி இடத்துக்கு நானும் மாமல்லபுரத்துப் பெண் ஒருத்தியும் மோத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பதினாறு வயது. அந்த ஊர் கிளப்பே பிளாஸ்டிக் பந்து வந்த பிறகு தொடங்கியதுதான். பழைய பந்தை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதற்கு முன்பு இரண்டு முறை என்னை ஊதித் தள்ளியிருந்தாள். மூச்சுகூட வாங்காமல் அடிப்பாள், சனியன்.

என் கணவர் எங்கள் கிளப்பின் செயலாளர். நாங்கள் பழகியதே கலப்பு இரட்டையரில் சேர்ந்து ஆடித்தான். அவருடைய ஆட்டம் சுமார். ஆனால் ஆயுத பூஜை என்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மேசையின் காலுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், வலைக்குச் சாமந்திச் சரம், மட்டைகளை வரிசையாக வைத்துப் பொரி கடலை. பூஜைக்கென்று தனியாக ஒரு பெட்டிப் பந்து வைப்பார். அதில் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு சந்தனப் பொட்டு உண்டு. கம்பெனி முத்திரை இருக்கிற இடம்தான் பந்துக்கு நெற்றி என்பது அவர் கணக்கு, பொட்டு சரியாக அங்கேதான் விழும். அந்தப் பந்துகளைத் தினசரி ஆட்டத்துக்குத் தொடக்கூடாது. முக்கியமான ஆட்டத்துக்குத்தான் பெட்டி வெளியே வரும். மிச்சமானதைத் தூக்கியும் போடக்கூடாது, பூஜையில் வைத்ததாயிற்றே. அடுத்த வருஷம் புதுப் பந்துகள் அவற்றோடு சேரும்.

தேர்வு ஆட்டத்தன்று திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் மாமல்லபுரம் போனோம். அவர் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். எனக்கு நாஸ்தா இறங்கவில்லை. "சொம்மா பேஜார் ஆவாத. சாமி பந்து எட்டாந்துகீறேன் இல்ல?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். கடல் பக்க ஜன்னல்களைக் காற்றுக்குப் பயந்து மூடியிருந்தார்கள். மின்விசிறியும் கிடையாது. விசிறி ஓடினால் பந்து மிதக்கும் என்பதால் ஆட்ட நேரத்தில் எங்கேயும் போட மாட்டார்கள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இன்னொரு பக்கம் கம்பி போட்ட திறப்பு. அதற்கு நேர் கீழே சிலை செதுக்கும் பட்டறை. உளிச் சத்தமும் கல் அறுக்கும் இயந்திரத்தின் கிறீச்சலும் சேர்ந்து, பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. நடுவர் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். ஸ்கோரைக் கத்திக் கத்தித்தான் சொன்னார்.

காசு சுண்டியதில் பந்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு வந்தது. கணவர் பெட்டியைத் திறந்தார். கற்பூர வாசனை குப்பென்று வந்தது. "பூஜைப் பந்தா?" என்று நடுவர் சிரித்தார். பெட்டியின் மேல் பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருந்தது, அவர் அதைப் பார்த்ததோடு சரி. நான் இரண்டு மூன்றை விரலால் உருட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தேன். கையில் நன்றாக உட்கார்ந்தது, அதனால் எடுத்தேன். சந்தனத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக் கொடுத்தேன்.

முதல் பந்திலேயே அவள் அடித்தது வலையில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பந்துக்கு அவள் நிதானமாக, வலைக்கு மேலே தூக்கி அடிக்கப் பார்த்தாள். அதுவும் வலை. தினமும் சாயங்காலம் புதுப் பந்தோடு வலிக்க வலிக்கக் கை வீசிப் பழகியதற்குக் கடைசியில் கூலி கிடைத்துவிட்டது, பிளாஸ்டிக் பந்தையும் வசத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்தேன். முதல் கேம் என்னுடையது. இரண்டாவதும் என்னுடையது. ஐந்து கேம் ஆட்டத்தில் மூன்று ஜெயித்தால் போதும். கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைகளைக் கூப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு உதடு துடிக்க ஆரம்பித்திருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று சொன்னால் பொய்.

மூன்றாவது கேம். ஆறுக்கு இரண்டு என்று நான் முன்னால் இருந்தபோது கீழே பட்டறையில் சாப்பாட்டு நேரம் ஆனது. முதலில் இயந்திரம் நின்றது. பிறகு உளிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. திடீரென்று மாடி முழுக்க ஒரே அமைதி. அந்த அமைதியில் அவள் சர்வீஸ் போட்டாள்.

டொக்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பாயிண்ட் போயிற்று. அடுத்த சர்வீஸை நான் அடிக்க மறந்து, மேசையில் பந்து விழும் சத்தத்தை மட்டும் கேட்டேன். சந்தேகமே இல்லை. அது செல்லுலாய்டு. பூஜைப் பெட்டியின் அடியில் தூக்கிப் போடக் கூடாத பழைய பந்துகள் கிடந்திருக்கின்றன. சந்தனப் பொட்டு முத்திரையை மறைத்திருக்கிறது, நான் அழுத்தித் துடைத்ததில் முத்திரையும் அழிந்துவிட்டது. நான் வித்தை எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. பழைய பந்தோடு பழைய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அதைத்தான் அத்தனை பந்துகளுக்கு நடுவில் என் விரல் தேடி எடுத்திருக்கிறது.

சுற்றிப் பார்த்தேன். நடுவர் முகத்தில் மாற்றம் இல்லை. கணவர் கூப்பிய கையை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. வாசலில் மட்டும் ஒருவர் புதிதாக வந்து நின்றார். தலை, மீசையெல்லாம் கல் தூசி. கீழே பட்டறையில் வேலை செய்கிற அவளுடைய அப்பா, சாப்பாட்டு நேரத்தில் மகள் ஆட்டத்தைப் பார்க்க ஓடி வந்திருக்கிறார். ஸ்கோர் பலகையைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்தது.

கை தன் பாட்டுக்கு ஆடியது. எட்டுக்கு நாலு. ஆறு பாயிண்டுக்கு ஒரு தரம் துண்டால் துடைத்துக்கொள்ள அனுமதி உண்டு. நான் கணவரிடம் போய்த் துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டு, அதற்குள்ளிருந்தே சொன்னேன்.

"யோவ், இது பழைய பந்துய்யா."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவருக்கும் தெரியாது என்பது அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது.

"நெசமாவா?"

"சத்தம் கேளு."

அவர் நடுவர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார். "இந்தா, வாய மூடிகினு ஆடு. மூணே பாயிண்ட்டு. யாருக்கும் தெரியாது. எனுக்கும் தெரியாது, உனுக்கும் தெரியாது. போ."

நான் போனேன். வாயை மூடிக்கொண்டுதான் போனேன். மேசைக்குப் போகிற அந்த நாலு எட்டில் நான் நினைத்ததெல்லாம் அந்த நாற்காலியைத்தான். நிரந்தரமான நாற்காலி. யாரும் என்னை எழுந்திரு என்று சொல்ல முடியாத நாற்காலி. நானா ஏமாற்றினேன்? பெட்டியை நானா அடுக்கினேன்? இன்னும் மூன்று பாயிண்ட். அவள் சர்வீஸ் போட்டாள், நான் சீவினேன், அவள் ஓங்கி அடித்தாள், பந்து அவள் மட்டையிலிருந்து சுருண்டு வலையில் விழுந்தது. ஒன்பதுக்கு நாலு.

அப்போது அந்தப் பெண் ஆட்டத்தை நிறுத்திக் கையைத் தூக்கினாள். அவள் கன்னமெல்லாம் ஈரம். "சார், என் பேட்ல இன்னாமோ ஆயிடுச்சி சார். ரப்பர் உரிஞ்சிகினு வர்து போல. எத்த அடிச்சாலும் நெட்டுக்குள்ள போவுது" என்று சொல்லிக்கொண்டே மட்டையின் ரப்பரை ஓரத்தில் நகத்தால் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. இழுத்தால் கெட்டுவிடும். வாசலில் நின்ற அப்பா, "இன்னா பாப்பா, இன்னா ஆச்சி? கை வலிக்குதா?" என்று பதறினார். "கை இல்ல நைனா, எனுக்கு ஆட்டமே மறந்து போச்சி" என்று அவள் தேம்பிக்கொண்டே இன்னும் இழுத்தாள்.

நல்லவளாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. இன்றைக்கும் அப்படி யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். புதுப் பந்து வந்தபோது நானும் இப்படித்தான் என் ரப்பரைப் பிய்த்தேன், என் கையைச் சந்தேகப்பட்டேன். அவள் இழுக்க இழுக்க எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"விடுடி அத்த!" என்று கத்தினேன். "பேட்டும் இல்ல, கையும் இல்ல. பந்துடி! பழைய பந்து! சார், இது செல்லுலாய்டு பந்து சார்!"

கத்தி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

கூத்து என்னவென்றால், யாரும் என்னை நம்பவில்லை. ஜெயிக்கப்போகிறவள் எதற்காக இப்படிச் சொல்வாள்? நடுவர் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை அழிந்து வெறும் வெள்ளை. தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "கற்பூரம் வாசனை வருது. ஆனா பெட்டியே பூஜைப் பெட்டியா இருக்கே" என்று தலையைச் சொறிந்தார். சந்தேகத்தின் பேரில் ஆட்டத்தை ரத்து செய்ய முடியாதாம். "கொளுத்திப் பாருங்க சார், செல்லுலாய்டுன்னா சட்டுனு பத்திக்கும்" என்றேன் நான். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

மாடியின் வெளித் தாழ்வாரத்தில், சுவரோரம் கிடந்த கருங்கல் துண்டின் மேல் பந்தை வைத்தார்கள். அவளுடைய அப்பாதான் தீப்பெட்டி கொடுத்தார். என் கணவர் குச்சியைக் கிழித்தார், கடல் காற்றில் முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவது குச்சி பட்டதும் பந்து பொசுக்கென்று பற்றிக்கொண்டது. முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் சுவாலை, கறுப்புப் புகை, நெடி தாங்காத கற்பூர வாசனை. எல்லோரும் பின்னால் தாவினோம். நாலு மூச்சுக்குள் கல்லின் மேல் ஒரு கறைதான் மிச்சம். கீழே சோற்று வாளியைத் திறந்து வைத்திருந்தவர்களில் ஒருவர், "இன்னா மேல, ஆட்டம் முடிஞ்சி சூடம் காட்றீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்.

"செல்லுலாய்டு செய்றதுலயே கற்பூரம் சேருது. அதான் இப்படிப் பிடிக்குது" என்றார் நடுவர். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "முதல்லேர்ந்துதாம்மா ஆடணும்."

"சார், ரெண்டு கேம் ஜெயிச்சிட்டா சார்! வோணும்னு பண்ணல சார்!" என்று என் கணவர் கெஞ்சினார். அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "வாய்யா இந்தாண்ட" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தோம். அவர்கள் கிளப்பின் புத்தம் புது பிளாஸ்டிக் பந்து. டக், டக். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் அடி அடித்தாள், பந்து என் விலாவை உரசிக்கொண்டு போனது. அவளுக்கு உயிர் வந்துவிட்டது. முதல் கேம் போயிற்று. இரண்டாவதில் மேசையைச் சுற்றிச் சுற்றி ஓடி, பல்லைக் கடித்துக்கொண்டு, எப்படியோ பிடுங்கினேன். மூன்றாவது அவளுக்கு. நான்காவதில் ஒன்பதுக்கு ஒன்பது வரைக்கும் இழுத்தேன். அங்கே போட்ட கட் என் வாழ்க்கையில் போட்ட நல்ல கட்டுகளில் ஒன்று. அது மேசையில் அசட்டுத்தனமாக எழும்பி நின்றது. அவள் அடித்தாள். அதற்கு அடுத்ததும் அப்படியேதான். முடிந்தது.

கை குலுக்கினேன். அப்பா ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டார், அவள் கறுப்புச் சட்டையில் கல் தூசி அப்பிக்கொண்டது. நான் பையில் மட்டையைத் திணித்தேன். கணவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. பேசினால் சண்டை வரும், வந்தால் அந்த மாடியே தாங்காது.

அந்தப் பெண் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா."

"இன்னா?"

"அந்தப் பழைய பந்து இன்னொண்ணு கீதாக்கா? அத்துல ஒரு தபா ஆடலாமா? எனுக்கு அது எப்டி வந்துச்சினே புரியலக்கா."

வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு விளையாடக் கூப்பிடுகிறாள். "போடி, உனுக்கு வேற வேல இல்ல? எனுக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் எனக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். என் கணவர் பூஜைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பந்துகளை ஒவ்வொன்றாகத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். டக். டக். டொக். அந்தப் பந்தை எடுத்துச் சந்தனத்தைத் துடைக்காமலேயே மேசையில் என் பக்கமாக உருட்டிவிட்டார். "ஆடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆடினேன். கோபத்தோடுதான் ஆடினேன். அவள் வலுவாக அடிக்க அடிக்க நான் பின்னால் பின்னால் போய், கிட்டத்தட்டச் சுவரோரம் நின்று சீவினேன். பந்து தாழப் பறந்து, வலையை ஒட்டி இறங்கி, மேசையில் பட்டதும் நின்று திரும்பியது. ஒவ்வொன்றும் வலை. அவள் இப்போது அழவில்லை. "அய்யோ அக்கா! எம்மா! இன்னாக்கா இது!" என்று ஒவ்வொரு பந்துக்கும் கத்திச் சிரித்தாள். மட்டையைச் சாய்த்துப் பார்த்தாள், தூக்கிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அவளுடைய அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நடுவர் சாமான்களைக் கட்டுவதை நிறுத்திவிட்டார். அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன்பும் ஆடியதில்லை, பின்பும் ஆடியதில்லை. அங்கே ஸ்கோர் பலகையைக்கூட மடித்து வைத்துவிட்டார்கள்.

கீழே சாப்பாட்டு நேரம் முடிந்து உளிகள் மறுபடி தொடங்கின. பந்தின் சத்தம் அதில் மறைந்துபோனது. நான் மட்டையைக் கீழே வைத்தேன்.

"பதினொண்ணு லவ்" என்று ஒரு குரல் கேட்டது. என் கணவர். எனக்குப் பதினொன்று, அவளுக்குப் பூஜ்யம். அத்தனை நேரமும் அவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பித் தோள்துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கும் அப்போதுதான் வந்தது. செங்கல்பட்டுப் பேருந்து போய்விட்டது, அடுத்ததற்கு வெகுநேரம் நின்றோம்.